கிளட்ச்: பற்றுவதா, விடுவதா?

பிரேக்கை மிதித்தால் பிரேக் பிடிக்கும். கிளட்ச்சை மிதித்தால்? பிடித்துக்கொண்டிருந்தது விட்டுவிடும். பேரோ நேர் எதிர்.

பழைய ஆங்கிலத்தில் 'கிளிச்சன்' என்றால் விரல்களை மடக்கி இறுக்குவது. பருந்து நகத்தால் கோழிக்குஞ்சைக் கவ்வுவதும் இதே சொல்லின் வழியில் வந்த பொருள்தான். வாரில்லாமல் கையிலேயே பிடித்துக்கொள்ளும் சின்னப் பைக்கும் அதனால்தான் கிளட்ச் என்று பெயர். (ஒரு பறவை ஒரு முறையில் இடும் முட்டைகளையும் ஆங்கிலத்தில் கிளட்ச் என்பார்கள். அது வேறு வேர், குஞ்சு பொரிப்பதிலிருந்து வந்தது.) சுழலும் தண்டுகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்புக்கு இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அப்போது கார் பிறக்கவே இல்லை.

காரில் எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்துக்கும் அழுத்தத் தட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. வில் (ஸ்பிரிங்) அதை எந்நேரமும் நெருக்கிக்கொண்டே இருக்கும். நம் கால் செய்வதெல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான். "கிளட்ச்சை மெதுவாக விடு" என்று ஓட்டக் கற்றுத்தருபவர் சொல்கிறாரே, அப்போது கால்தான் விடுகிறது, கிளட்ச் பற்றுகிறது.

தமிழில் இதற்கு உரசிணைப்பி, விடுபற்றி என்று இரண்டு சொற்கள் உண்டு. உரசி இணைப்பது என்பது காருக்குச் சரி. ஆனால் உரசலே இல்லாமல் பல்லோடு பல் கோத்துப் பிடிக்கும் கிளட்ச்சுகளும் இருக்கின்றனவே. அவற்றை இந்தச் சொல்லில் அடக்க முடியாது. எனக்கு விடுபற்றிதான் பிடித்திருக்கிறது. கொல்லரின் பற்றுக்குறட்டில் இருக்கும் அதே 'பற்று'; கூடவே 'விடு'. பேச்சில் யாரும் சொல்லப் போவதில்லை, கிளட்ச் என்றே சொல்வோம். ஆனாலும் பழைய கார் மக்கர் செய்யும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: பற்றவில்லையா, விடவில்லையா?

பற்றாவிட்டால் அதை கிளட்ச் ஸ்லிப் என்பார்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. கருகல் வாடையும் வரும். சோதிக்க, முன்னால் ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, நாலாம் கியரில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்து பார்க்காதீர்கள், சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

விடாத கிளட்ச் இன்னும் குழப்பும், ஏனென்றால் பழி கியர்பாக்ஸ் மேல் விழும். என் பழைய காரில் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைபடும். அந்த அதிர்வு கியர் குமிழ் வழியாக உள்ளங்கை வரை ஏறும். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார் ஒருவர். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தேன்: வெண்ணெய் மாதிரி விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை முழுதாக மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். அப்போதும் கரகர. கிளட்ச் விட்டிருந்தால் அதற்குள், கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் உள்தண்டு சுழல்வது நின்றிருக்கும். கடைசியில் குற்றவாளி, நீண்டு தளர்ந்த கேபிள். நட்டைச் சில சுற்று திருகியதோடு முடிந்தது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்சாக இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கியர் என்ற சொல்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பழைய நார்ஸ் மொழியில் அது உடை, தளவாடம். பல் பின்னால்தான் முளைத்தது. தமிழில் பல்லிணை, பற்சக்கரம் என்கிறோம், பல்லைப் பார்த்து வைத்த பெயர்கள். ஆனால் வண்டி ஓட்டுபவர் வாயில் கியர் 'விழுகிறது'. பல் சரியான பள்ளத்தில் போய் உட்காருவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அந்த விழுதலைக் கவனித்தாலே பாதி புரிந்துவிடும். எல்லா கியரும் அடம்பிடித்து, எஞ்சினை அணைத்ததும் சரியானால் கிளட்ச். அணைத்த பிறகும் கியர் விழாமல், குச்சி தொளதொளவென்று ஆடினால் இணைப்புக் கம்பிகளின் மூட்டில் இருக்கும் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்திருக்கும். இரண்டாம் கியரில் மட்டும் மாற்றும்போது அரைபட்டால், வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மட்டும் கியர்பாக்ஸை இறக்கலாம்.