என்னமோ மாதிரி இருக்கு

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டால் வருகிற பதில் "ஒண்ணுமில்ல". இன்னும் கொஞ்சம் துருவினால் "என்னமோ மாதிரி இருக்கு". ஏதோ மறைக்கிறார்கள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் அது நேர்மையான பதில்தான், உள்ளே இருப்பது என்னவென்று பிரித்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்கே வரவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். இதை ஆய்வாளர்கள் அளக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "உன் உணர்வுகள் உனக்குப் புரிகிறதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள், அதனால் அப்படிக் கேட்பதே இல்லை. இப்போது கோபம் எவ்வளவு, சோகம் எவ்வளவு, பதற்றம் எவ்வளவு, அவமானம் எவ்வளவு என்று ஒரு நாளைக்குப் பல முறை தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்து எண்களைப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். நான்கும் எப்போதும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால், பெயர்தான் நான்கு, அந்தப் பிள்ளைக்குத் தெரிவது 'மோசமா இருக்கு' என்ற ஒன்றுதான்.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லிசா ஸ்டார் குழு இதே முறையில் 233 பதின்வயதினரிடம் நாளுக்கு 4 முறை, 7 நாட்கள் கேட்டது. ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு: உணர்வுகளைப் பிரித்துப் பார்க்க வராதவர்களுக்கு, வாழ்க்கையில் வந்த அடிகள் மனச்சோர்வாக மாறுவது அதிகம்.

ஏன் அப்படி? குற்ற உணர்ச்சி என்று தெரிந்தால் போய் மன்னிப்புக் கேட்கலாம், பயம் என்றால் தயாராகலாம், தனிமை என்றால் யாரையாவது கூப்பிடலாம். 'மோசமா இருக்கு' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு படுக்கத்தான் முடியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் திறன் வயதோடு நேராக வளர்வதில்லை. எரிக் நுக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 5 முதல் 25 வயது வரை உள்ளவர்களைச் சோதித்து 2018இல் எழுதிய கட்டுரைப்படி, சிறு வயதில் நன்றாக இருக்கிறது, பதின்வயதில் சரிகிறது, அப்புறம்தான் மீண்டும் ஏறுகிறது. குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரே உணர்வு, அதனால் குழப்பமில்லை. பதின்வயதில் நான்கைந்து ஒரே நேரத்தில் வருகின்றன, அவற்றைப் பிரித்தெடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

பெயர் வைப்பது மூளையிலும் தெரிகிறது. மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு 2007இல் செய்த ஸ்கேன் ஆய்வில், ஒரு முகத்தில் தெரிகிற உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, மிரட்சிக்கு எதிர்வினை காட்டும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைந்தது, மூளையின் முன்பக்கத்தில் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. ஆனால் பெயர் வைப்பது வேறு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று இரவெல்லாம் அசைபோடுவது வேறு. இப்படி அசைபோடுவது மனச்சோர்வை இன்னும் கூட்டும்.

இன்னொரு சிக்கல், பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறையே இந்த வயதுக்கு அதை ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் திமிர்! அந்த எரிச்சலோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்து, தூக்கம், பசி, படிப்பு எல்லாம் கலைந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுதான், அந்தக் கட்டத்தில் சொற்கள் மட்டும் போதாது. சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

மற்ற நாட்களில் "என்ன ஆச்சு?" என்று மொட்டையாகக் கேட்பதை விட "கோபமா, இல்ல அவமானமா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டும் இல்ல, பொறாமை" என்றுகூட வரலாம்.