வறுக்காத காபிக்கொட்டைக்குள் என்ன இருக்கிறது?

கும்பகோணத்தில் காபிப்பொடிக் கடை எங்கே என்று யாரும் வழி கேட்க வேண்டியதில்லை, வறுவல் மணமே கூட்டிப்போய்விடும். இப்போது வாசனையே இல்லாத இன்னொரு சரக்கும் டெல்டா ஊர்களுக்கு வந்திருக்கிறது. வறுக்காத கொட்டையிலிருந்து செய்த பச்சைக் காபி கேப்ஸ்யூல். உடம்பு இளைக்குமாம்.

இளைக்கும் கதையை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் 16 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வுதான் 2012ல் இந்தச் சந்தையைக் கிளப்பிவிட்டது. 2014ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதில் இருந்த ஓட்டைகளைப் பிட்டுவைத்தது. அதைச் செய்வித்த நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

வறுத்தால் கொட்டையில் இருக்கும், உடம்பை இளைக்க வைப்பதாகச் சொல்லப்படும் குளோரோஜெனிக் அமிலம் அழிந்துவிடும், அதனால் பச்சையாகச் சாப்பிடுங்கள் என்பது விற்பவர்கள் வாதம். வறுக்க வறுக்க அது குறைவது உண்மைதான். ஆனால் அடுப்பு அதை மட்டுமா அழிக்கிறது?

பச்சைக் கொட்டையில் கார்பாக்ஸிஅட்ராக்டிலிஜெனின் வகைப் பொருள்கள் இருக்கின்றன. நம் உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தயாராகும் ஏடிபி (ATP) என்ற எரிபொருள், சவ்விலுள்ள ஒரு புரதத்தின் வழியாகத்தான் வெளியே வரும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்குகிற கணக்கு அங்கே: ஓர் ஏடிபி வெளியே வர, ஒரு பாஸ்பேட் குறைந்துபோன அதன் காலி வடிவம் (ADP) ஒன்று உள்ளே போக வேண்டும். இந்தப் பொருள்கள் அந்தப் புரதத்தை அடைத்துவிடும்.

இதே குடும்பத்தின் கொடிய உறுப்பினர் மருளூமத்தையில் உண்டு. தரிசிலும் கரையோரத்திலும் முளைத்து, ஆட்டு மயிரிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடி அது. விஷம் விதையிலும் இளநாற்றிலும்தான் அதிகம். 2007ல் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் உணவுப் பஞ்சத்தில் அந்த நாற்றைச் சமைத்துத் தின்ற 76 பேர் நோயுற்றார்கள். நான்கில் ஒருவர் இறந்தார்.