வாயு இருந்தும் விண்மீன் இல்லை

நம் பால்வெளியில் ஆண்டுக்கு ஓரிரு சூரியன் எடைக்குப் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. இதுபோன்ற பெரிய விண்மீன் கூட்டங்களான கேலக்ஸிகள் பலவற்றில் இந்தப் பிறப்பு ஏறக்குறைய நின்றே போய்விட்டது. நிறத்தை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். நீலமாகக் கொளுத்தும் பெரிய விண்மீன்களுக்கு ஆயுள் குறைவு. புதிய வரவு நின்றால், மெதுவாக எரியும் மஞ்சள், சிவப்பு விண்மீன்கள்தான் மிஞ்சும். இப்படிப்பட்ட கேலக்ஸிகளை 'சிவந்து செத்தவை' என்று வானியலாளர்கள் கொஞ்சம் இரக்கமில்லாமலே அழைக்கிறார்கள்.

சரி, ஏன் நிற்கிறது? வாயு தீர்ந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வாயு இருந்தால் மட்டும் போதாது, அது குளிரவும் வேண்டும். சூடான வாயு விரியத்தான் பார்க்கும். ஈர்ப்பு விசைக்கு அவ்வளவு எளிதில் மசியாது. மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் பக்கம் குளிர்ந்த மேகம்தான் தன் எடை தாங்காமல் உள்ளே சரிந்து விண்மீனாகும்.

சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தை, அதாவது ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் பல கேலக்ஸிகளின் கூட்டத்தைப் பாருங்கள். அங்கே வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கிறது. எக்ஸ் கதிர்களாக வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், இந்நேரம் குளிர்ந்து நடுவில் இருக்கும் கேலக்ஸிக்குள் கொட்டியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. யாரோ அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அது அந்தக் கேலக்ஸியின் மையத்திலுள்ள கருந்துளையின் வேலை. அதற்குள் விழப்போகும் வாயுவில் ஒரு பகுதி பீய்ச்சலாக வெளியே பாய்ந்து, சுற்றியுள்ள சூடான வாயுவில் பெரும் குமிழிகளை ஊதுகிறது. குமிழிகளிலிருந்து அலைகள் பரவுவதை சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி படம்பிடித்தது. 2003-இல் அது அறிவிக்கப்பட்டது. அவை ஒலி அலைகள்! ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 1 கோடி ஆண்டு இடைவெளி. காதுக்கு எட்டாத அந்த முனகல் வாயுவைச் சூடாகவே வைத்திருக்க உதவுகிறது. தப்பித்துக் குளிரும் கொஞ்சம் வாயுதான் அங்கே விண்மீனாகிறது.

எல்லாக் கேலக்ஸிக்கும் கருந்துளையே எமன் என்று சொல்லிவிட முடியாது. சிலவற்றுக்கு வெளியிலிருந்து வரும் வாயு நின்றுவிடும். கையிருப்பை வைத்துக்கொண்டு சில நூறு கோடி ஆண்டுகள் தள்ளுகின்றன.

வேறு சில பறிகொடுக்கின்றன. நார்மா என்ற இன்னொரு கேலக்ஸிக் கொத்துக்குள் ஈஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸி மணிக்குச் சுமார் 70 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிரே கொத்தின் சூடான வாயு. எதிர்க்காற்றில் துண்டு பறப்பதுபோல அதன் வாயு பின்னால் பிய்ந்து நீள்கிறது. விண்மீன்கள் எடை மிக்க உருண்டைகள், அவற்றைக் காற்று அசைக்காது. வாயு மட்டும் போகிறது. அப்புறம் ஒரு வேடிக்கை: பறிபோன வாயு அந்த வாலிலேயே அங்கங்கே குளிர்ந்து, கேலக்ஸிக்கு வெளியே நீல நிறத்தில் புது விண்மீன்களாகப் பிறந்துகொண்டிருக்கிறது.