வெடிமருந்து இல்லாத துப்பாக்கி

எதிர்காலப் போர்க் கதைகளில் காலாட்படை வீரர்கள் ஏந்தி வரும் மின்காந்தத் துப்பாக்கியை உண்மையில் செய்ய முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்ய முடியும், செய்தும் பார்த்துவிட்டார்கள். தோளில் சுமந்து போருக்குப் போக முடியுமா என்பதில்தான் சிக்கல்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் காந்தமாகி, அருகிலுள்ள இரும்பை உள்ளே இழுக்கும். குழலைச் சுற்றிப் பல சுருள்களை வரிசையாக அமைத்து ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால், இரும்புக் குண்டு சுருளுக்குச் சுருள் வேகம் பிடித்து வெளியே பாயும்.

இதில் அழகே, இழுத்த குண்டை விடுவிப்பதில்தான் இருக்கிறது. சுருளின் விசை எப்போதும் அதன் நடுப்பகுதியை நோக்கியே இருக்கும். நடுவைத் தாண்டிய மறுகணமே, அதுவரை முன்னால் இழுத்த அதே விசை குண்டைப் பின்னால் இழுக்கத் தொடங்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றியும் பயனில்லை. துருவம் எதுவானாலும் இரும்பு ஈர்க்கப்படுமே தவிர விலக்கப்படாது. குண்டு நடுவை எட்டும்போது மின்னோட்டம் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிச் சுருளின் நீளம் 3 செ.மீ., குண்டின் வேகம் நொடிக்கு 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாயிலிலிருந்து நடுப்பகுதி வரை போக ஏறக்குறைய 17 மைக்ரோநொடிதான் ஆகும். அதற்குள் மின்னோட்டம் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். சுருளோ மகா பிடிவாதம் பிடித்தது. இணைப்பைத் திடீரென்று துண்டித்தால், காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் உயர் மின்னழுத்தமாகச் சீறி, துண்டித்த மின்னணுச் சுவிட்சான டிரான்சிஸ்டரையே பொசுக்கிவிடும். சுருளுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடைப் போட்டால் டிரான்சிஸ்டர் பிழைக்கும்; ஆனால் மின்னோட்டம் ஆற அமர வடியும், அதுவரை குண்டு பின்னிழுபடும். கெட்டிக்காரச் சுற்றுகள், தேங்கிய ஆற்றலை, சுருளுக்கு மின்சாரம் ஊட்டிய மின்தேக்கிக்கே (மின்னேற்றத்தைச் சேமித்து நொடியில் கொட்டும் கருவி) திருப்பி அனுப்புகின்றன. மின்னோட்டம் சட்டென விழுகிறது, மிச்சமான ஆற்றல் அடுத்த முறைக்கு உதவுகிறது. பின்னிழுப்பும் வீணும் ஒரே வழியில் குறையும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த வகைப் பீரங்கிக்கு முன்னோடி நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்கலண்ட். துருவப் பகுதி வானில் மின்னும் துருவ ஒளியை ஆராயப் பணம் வேண்டியிருந்ததால்தான் அவர் பீரங்கி செய்யப் புகுந்தார்! 1903இல், இன்றைய ஓஸ்லோவில், பார்வையாளர்கள் முன் அதை இயக்கியபோது குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிழம்பு எழ, கூட்டம் மிரண்டது. பீரங்கி விலைபோகவில்லை. ஆனால் காற்றினூடே பாயும் மின்பிழம்பான மின்வில்லைக் (arc) கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் முறையை அவர் பொறியாளர் சாம் எய்டேயுடன் உருவாக்க, 1905இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. வானத்து ஒளியை ஆராய்பவர் ஆயுத வியாபாரியாக வேடம் போட வேண்டியிருந்ததை நான் பெருமையாக நினைக்கவில்லை. நிதி கொடுப்பவர்கள் துருவ ஒளிக்கே நேராகக் கொடுத்திருக்கலாம்.

இனி எடைக் கணக்கு. இன்றைய 5.56 மி.மீ. துப்பாக்கியின் 4 கிராம் குண்டு சுமார் 1,700 ஜூல் ஆற்றலோடு புறப்படுகிறது. அதற்கு இரண்டு கிராமுக்கும் குறைவான வெடிமருந்து போதும். ஒரு கிராமில் 3,000 ஜூலுக்கு மேல் அடங்கியிருக்கிறது. மின்தேக்கியிலோ கிராமுக்கு ஓரிரு ஜூல்தான். சுருள்களுக்குக் கொடுக்கும் ஆற்றலில் 20 சதவீதம் குண்டுக்குப் போய்ச் சேரும் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு குண்டுக்கு 8,500 ஜூல் வேண்டும். அதாவது நான்கு முதல் எட்டு கிலோ மின்தேக்கி. லித்தியம் பேட்டரியில் ஆற்றல் நிறைய உண்டு, ஆனால் அந்த வேகத்தில் அதனால் கொட்ட முடியாது. நொடிக்குப் பத்துக் குண்டு என்றால் 85 கிலோவாட் தேவை. அது ஒரு காரின் எஞ்சினுக்குச் சமம்.

கதைகளில் இந்தத் துப்பாக்கி உதைப்பதும் இல்லை, சத்தம் போடுவதும் இல்லை. வெடிமருந்து வாயு இல்லாததால் உதை கொஞ்சம் குறையும். ஆனால் குண்டின் உந்தத்துக்கு ஈடான உதை தோளில் விழுந்தே தீரும். ஒலியை மிஞ்சிப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையும் போகாது. அது வேண்டாமென்றால் வேகத்தை நொடிக்கு 340 மீட்டருக்குக் கீழே வைக்க வேண்டும். அப்போது அதே குண்டின் ஆற்றல் ஏழில் ஒரு பங்காகிவிடும்.