கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் கனடா விசா வேண்டும்: அலாஸ்கா பயணத் திட்டம் குறித்து

இந்தக் கோடையிலும் அந்த அழைப்பு வந்துவிட்டது. அலாஸ்கா போகும் சுற்றுலாக் கப்பலில் ஏற, சியாட்டில் துறைமுகத்தில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, பதிவு மேசை வரை போன ஒரு குடும்பம். மகனுக்கும் மருமகளுக்கும் கிரீன் கார்டு. பேரக் குழந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றது. ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரிடம் இந்தியக் கடவுச்சீட்டும் பத்தாண்டு அமெரிக்கச் சுற்றுலா விசாவும் இருந்தன. கனடா விசா இல்லை. பெற்றோரை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டு யார் போவது? மொத்தக் குடும்பமும் வீடு திரும்பியது. கப்பல் கட்டணத்தோடு, முன்பணம் கட்டி வைத்திருந்த ஹெலிகாப்டர் பயணமும் திமிங்கிலம் பார்க்கும் படகும் போயின. "கனடாவின் விக்டோரியாவில் கப்பலை விட்டு இறங்கவே மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கிறோம் என்றுகூடச் சொன்னோம், கேட்கவில்லை சார்" என்று அந்த மகன் என்னிடம் வருந்தினார். எழுதிக் கொடுத்தாலும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் முடியாது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருவது என் தொழில். ஊரிலிருந்து பெற்றோர் வரும் கோடையில் அவர்களை அலாஸ்காவுக்கு அழைத்துச் செல்வது இப்போது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான், முதியவர்கள் அதிகம் நடக்காமல் பனியாறுகளைப் பார்க்க இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது. ஆனால் திட்டமிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை.

சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குப் போய்விட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல் எதற்காகக் கனடாவுக்குப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஊர் சுற்றிக் காட்டுவதற்காக அல்ல. 1886ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் எதுவும் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. நீங்கள் ஏறும் பெரிய கப்பல்கள் பகாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே அவை விக்டோரியாவிலோ வேறொரு கனடியத் துறைமுகத்திலோ சில மணி நேரமாவது நின்றே ஆக வேண்டும். பெரும்பாலும் கடைசி இரவில் வந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரமும் கப்பலில் இருக்கும் ஒவ்வொரு பயணியும் கனடாவுக்குள் இருப்பதாகவே கணக்கு. நீங்கள் கரையில் நடந்தீர்களா, அறையில் படுத்துத் தூங்கினீர்களா என்பது அந்தக் கணக்கில் வராது. தக்க ஆவணம் இல்லாதவரைக் கொண்டுவந்தால் பதில் சொல்ல வேண்டியது கப்பல் நிறுவனம் என்பதால், அவர்கள் சியாட்டிலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

"என் நண்பர் கனடா விசா இல்லாமலேயே போய் வந்தாரே" என்று ஒருவர் தவறாமல் சொல்வார். எந்த ஆண்டு என்று கேட்டால் 2021 என்பார். அந்த ஆண்டு பெருந்தொற்றினால் கனடா தன் துறைமுகங்களைப் பெரிய கப்பல்களுக்கு மூடியிருந்தது. அதனால் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாக ஒரு சட்டம் இயற்றி, கனடாவைத் தொடாமலே அலாஸ்கா போய்வர அனுமதித்தது. அந்தச் சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. அதைப் பற்றிய வாட்ஸ்அப் தகவல் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர், அமெரிக்கச் சுற்றுலா விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ இருந்தால், அவருக்குக் கனடா விசா தேவை. கிரீன் கார்டு உள்ளவருக்குத் தேவையில்லை; ஆனால் செல்லுபடியாகும் கார்டும் கடவுச்சீட்டும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். டொரொண்டோவிலிருந்து வரும் நம்மவர்களுக்கு இது தலைகீழ்: கனடாவின் நிரந்தர வசிப்புரிமையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வான்கூவரில் கப்பல் ஏறினாலும் அமெரிக்க விசா வேண்டும். கடவுச்சீட்டிலுள்ள எச்-1பி விசா முத்திரை காலாவதியாகி, வேலை அனுமதி மட்டும் நீட்டிக்கப்பட்டிருப்பவர்கள் முன்பதிவுக்கு முன் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கனடா வழியாகத் திரும்புவதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனைகளும் உண்டு. பயண முகவராகிய நான் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

இதன் கிளைச் சிக்கல் ஒன்று, கப்பல் நிற்கும் அலாஸ்கா துறைமுகமான ஸ்காக்வேயில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வைட் பாஸ் மலை ரயில், 1898 தங்க வேட்டைக் காலத்தில் தொடங்கி 1900இல் முடிக்கப்பட்ட குறுகிய பாதை; ஏறத்தாழ 870 மீட்டர் உயரமுள்ள கணவாய் வரை ஏறி, நீங்கள் இறங்காமலே திரும்பும் பயணத்தில் சிக்கலில்லை. ஆனால் ஃப்ரேசர் வரை ரயிலிலும் மறுவழி பேருந்திலும் போகும் பயணங்கள், கார்க்ராஸ், எமரால்டு ஏரி என்று கனடாவின் யூகானுக்குள் போகும் பயணங்கள் எல்லாம் கனடிய எல்லைச் சாவடியைக் கடப்பவை. கடவுச்சீட்டைக் கப்பல் அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்து நின்றால் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது.

அடுத்தது டெனாலி என்ற சிகரமும் அதைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவும். "ஜூனோவில் நாள் முழுக்கக் கப்பல் நிற்கிறதே, டெனாலியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" இந்தக் கேள்விக்குக் குற்றவாளி அமெரிக்க வரைபடம்தான், இடது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அலாஸ்காவைச் சுருக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அலாஸ்காவின் பரப்பளவு ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் 13 மடங்கு. வழக்கமான ஒரு வாரக் கப்பல் பார்ப்பது அதன் தென்கிழக்கு வாலை மட்டுமே. ஜூனோ மாநிலத் தலைநகரம்தான், ஆனால் வெளியுலகோடு அதற்குச் சாலைத் தொடர்பே கிடையாது. விமானத்திலோ படகிலோதான் போக முடியும். அங்கிருந்து ஆங்கரேஜ் வான்வழியில் 900 கிலோமீட்டருக்கு மேல். ஆங்கரேஜிலிருந்து டெனாலி பூங்காவின் வாயில் சாலைவழியில் இன்னுமொரு 380 கிலோமீட்டர். ரயிலென்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம்.

டெனாலி வேண்டுமென்றால் சியாட்டிலிலிருந்து போய்த் திரும்பும் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் விட்டியரிலோ சூவர்டிலோ இறங்கும் ஒருவழிப் பயணத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் தரைவழியில் குறைந்தது நான்கு நாட்கள் ஒதுக்குங்கள். பூங்கா வாசலில் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். 6,190 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் மேகத்துக்குள் மறைந்திருக்கும் நாட்களே கோடையில் அதிகம். பூங்காவுக்குள் சொந்தக் காரில் 15ஆம் மைல் வரைதான் போகலாம், அதற்குமேல் பேருந்துதான். 2021 ஆகஸ்டில் நிலச்சரிவினால் 43ஆம் மைலில் சாலை அடைபட்டு, பாலம் கட்டும் வேலை நடந்துவருகிறது; ஆகவே பழைய பயணக் கட்டுரைகளில் படித்த, அதற்கு அப்பாலுள்ள எய்ல்சன், வொண்டர் ஏரி என்ற பெயர்களை நம்பிப் பதிவு செய்யாமல், பூங்காவின் அந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். நாள் போதாதவர்களுக்கு நான் டால்கீட்னா என்ற ஊரைச் சொல்வேன். ஆங்கரேஜிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர்தான்; சிறு விமானம் மேகத்துக்கு மேலே ஏறினால் கீழிருந்து தெரியாத சிகரம் தெரிந்துவிடும் வாய்ப்பு உண்டு.

சியாட்டிலில் ஏறி ஜூனோவில் இறங்கிக்கொண்டு விமானத்தில் ஃபேர்பேங்க்ஸ் போகலாமா என்றும் கேட்கிறார்கள். ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் பயணத்தை முடித்துக்கொள்வது அது; மேலே சொன்ன அதே 1886ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் தடுக்கிறது.

வேறு சில ஆசைகளையும் சுருக்கமாகத் தீர்த்துவிடுகிறேன். கிளேசியர் பே தேசியப் பூங்காவில் பெரிய கப்பலின் பயணிகள் யாரும் இறங்குவதில்லை. பூங்கா அலுவலர்கள்தான் கப்பலுக்குள் ஏறி விளக்கம் சொல்வார்கள். நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கே அனுமதி என்பதால், பூங்காவைப் பார்த்தே ஆக வேண்டுமென்பவர்கள் பயண நிரலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அருவியில் கரடி நின்று சால்மன் மீனைப் பிடிக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி கட்மை பூங்காவின் புரூக்ஸ் அருவியில் எடுக்கப்படுவது. கப்பல் போகும் வழியில் அது இல்லை. ஜூன் மாதத்தில் வடதுருவ ஒளியைத் தேட வேண்டாம். வானம் இருட்டினால்தானே அது தெரியும்?

இனிக் கரையில் கழிக்கும் நாள். ஒரு துறைமுகத்துக்கு ஒரு பெரிய திட்டம் போதும். ஜூனோவில் காலையில் ஹெலிகாப்டர், மதியம் திமிங்கிலப் படகு, இடையில் மெண்டன்ஹால் பனியாறு, மாலையில் மலைக்கு ரோப் கார் என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. இன்னொரு துறைமுகமான கெட்சிக்கனில் சில கப்பல்கள் ஊருக்குள் நிற்பதில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வார்டு கோவ் என்ற இடத்தில் நின்று, அங்கிருந்து பேருந்தில் ஊருக்கு அழைத்து வருகிறார்கள். போக, வர, வரிசையில் நிற்க என்று ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வெளியாரிடம் பதிவு செய்தால் விலை குறைவு என்பது உண்மை. நானே பல இடங்களில் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் கப்பல் நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்த பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை அவர்கள் ஏற்பார்கள். நீங்களாகப் போனால் அது உங்கள் பாடு. கப்பல் கிளம்பும் நேரம் ஐந்து மணி என்றால், நீங்கள் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் நாலரை. அதுவும் கப்பலின் கடிகாரப்படி. அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் இருக்க, உங்கள் கைப்பேசி கரையின் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மாறிக்கொண்டால், அது மூன்றரை காட்டும்போது கப்பலில் நாலரை ஆகியிருக்கும். காலையில் இறங்கும்போதே கப்பலின் நேரத்தைப் பார்த்து, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை அதற்குச் சரிசெய்து அப்பாவின் கையில் கட்டிவிடுங்கள். ஜூனோவில் கப்பலைத் தவறவிட்டால் கார் பிடித்துத் துரத்த வழியில்லை. ஸ்காக்வேயிலிருந்து சாலை உண்டு, ஆனால் அது கனடாவுக்குள் போகிறது.

வானிலையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். கெட்சிக்கனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். தாழ்ந்த மேகம் இருந்தால் ஹெலிகாப்டர் பறக்காது. அதை முடிவு செய்வது விமானி, அதுவும் கடைசி நிமிடத்தில். நிறுவனம் ரத்து செய்தால் பணம் திரும்பிவிடும், அவரோடு வாதாடாதீர்கள். ஹெலிகாப்டர் தளத்தில் நடப்பது பலருக்குத் தெரியாது: ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றி, எடையைக் குறித்து, பாரம் சமமாகும்படி இருக்கை ஒதுக்குவார்கள், உங்கள் காலணிக்கு மேலேயே வழுக்காத பனிக் காலணியை மாட்டிவிடுவார்கள். பதிவுப் படிவத்தில் கூச்சத்தினால் எடையைக் குறைத்து எழுதுகிறவர்கள் அந்த மேடையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வரம்புக்கு மேலிருந்தால் அங்கேயே கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கணவனும் மனைவியும் அருகருகே உட்கார முடியாமல் போகலாம். அதற்குக் கோபித்துப் பயனில்லை.

குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தொப்பியோடு கூடிய மழை அங்கி, உள்ளே கம்பளிச் சட்டை, ஈரம் புகாத காலணி போதும். பனியாற்றின் முன் கப்பல் நிற்கும்போது திறந்த தளத்தில் ஜூலையிலும் காது மரத்துப்போகும். சேலை கட்டும் அம்மாக்களுக்கு உள்ளே அணியக் கம்பளிக் காற்சட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். கப்பல் உணவகத்திலிருந்து இட்லியையோ பழத்தையோ பொட்டலம் கட்டிக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. உறையிட்ட பிஸ்கட்டையும் கொட்டைகளையும் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். நாள் முழுவதும் போகும் பயணங்களில் சைவ உணவு கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். சிறு படகில் கழிப்பறை உண்டா, எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் கேளுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மா அதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் விமானம் பிடித்து வராதீர்கள். முதல் நாளே வந்து தங்குங்கள். விட்டியரில் இறங்குகிறவர்கள் அன்று காலை விமானம் பதிவு செய்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கிருந்து ஆங்கரேஜ் போகும் ஒரே சாலை, நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைத்தடச் சுரங்கத்தைக் கடக்கிறது. ரயிலும் காரும் இரு திசைப் போக்குவரத்தும் அதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் முறை மணிக்கு ஒருதடவைதான் வரும். மாலை விமானமே பாதுகாப்பு.

பெற்றோருக்கான காப்பீட்டில், தொலைவிடத்திலிருந்து மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். ஜூனோவிலிருந்து நிலை மோசமான நோயாளியைச் சியாட்டிலுக்கோ ஆங்கரேஜுக்கோ விமானத்தில்தான் அனுப்புவார்கள். கனடா விசா விண்ணப்பத்துக்குக் கைரேகை கொடுக்க வேண்டும், பிறகு விசா ஒட்டக் கடவுச்சீட்டையும் அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் காலம் ஆண்டுக்காண்டு மாறுகிறது. அம்மா அப்பா ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, முடிந்தால் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். விசா கைக்கு வந்த பிறகு ஹெலிகாப்டருக்கு முன்பணம் கட்டுங்கள்.