லாட்ஜ் பில்லைக் கட்டியது யார்?

அரசு ஊழியர் ஒப்பந்ததாரரோடு ஒரு டீ குடித்தால் குற்றமா? இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13ஆவது விதி அன்பளிப்பு பற்றியது. இலவசப் பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே அன்பளிப்புதான் என்று சொல்லிவிட்டு, எப்போதாவது ஒருவேளைச் சாப்பாடு, வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வது போன்றவற்றுக்கு அது விலக்கு தருகிறது. பலர் இந்த விலக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த குறிப்பைப் படியுங்கள்: அலுவல் தொடர்புள்ளவரிடம் தடபுடலான விருந்தும் கூடாது, அடிக்கடி விருந்தும் கூடாது. ஒவ்வொரு ஆய்வுக்கும் பிரியாணி வந்தால் அது ‘அடிக்கடி’தான்.

வெளியூர் ஆய்வில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். ரயிலடியில் ஒப்பந்ததாரரின் கார் நிற்கும். அறை அவர் நிறுவனத்தின் பெயரில் போட்டிருக்கும். ராத்திரிச் சாப்பாடும் அந்தக் கணக்கிலேயே ஏறிவிடும். காலையில் கவுன்டரில் கேட்டால், “செட்டில் ஆயிடுச்சு சார்” என்பார்கள். ஊர் திரும்பி அதே இரவுக்கு அறை வாடகை கேட்டுப் பயணப்படி பில் போட்டால், பொய்க் கணக்கு என்ற குற்றச்சாட்டும் சேரும். பில்லைக் கட்டிய ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் தேதியோடு வவுச்சர் இருக்கும். என்றாவது சோதனை நடந்தால் அது வெளியே வரும். அதனால் அறையை உங்கள் பெயரில் போடுங்கள், பில்லை நீங்களே கட்டுங்கள். அவர் முன்பே கட்டிவிட்டால், அன்றே தொகையை வங்கி வழியாக அவருக்கு அனுப்பிவிட்டு, மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒப்பந்ததாரர் கிரிக்கெட் டிக்கெட்டை மகனுக்குத்தான் கொடுத்தார் என்பது செல்லாது. குடும்பத்தார் வாங்கினாலும் விதி பொருந்தும். கல்யாண அன்பளிப்பில் ‘ஏ’ பிரிவு (உயர்நிலை) அதிகாரிக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போனால் அரசுக்குத் தெரிவித்தால் போதும் என்பது, நெருங்கிய உறவினரும் அலுவல் தொடர்பில்லாத நண்பரும் தருவதற்கு மட்டுமே. ஒப்பந்ததாரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்திலும் தகாத ஆதாயம் என்பது ரொக்கம் மட்டுமல்ல. வேலைக்குக் கைமாறாக வாங்கியது என்று நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பிரிவு உபசார விழாவை யாரும் யோசிப்பதில்லை. அதே நடத்தை விதிகளில் 14ஆவது விதி, பணி ஓய்விலும் இடமாற்றத்திலும் எளிய, தனிப்பட்ட விருந்தை அனுமதிக்கிறது. ஆனால் அதற்காக யாரையும் வற்புறுத்தி வசூலிக்கக் கூடாது. மேல்பிரிவு அதிகாரியின் விருந்துக்கு, எழுத்தர் போன்ற ‘சி’ பிரிவு ஊழியரிடம் வசூலிப்பது, அவர் மனமுவந்து தந்தாலும் தடைதான். வசூல் பட்டியலில் எழுத்தர் பெயருக்கு நேரே 200 ரூபாய் என்றிருந்தால், விழாவுக்கு முன்பே அதை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.