ஐட்லிங் ஸ்குரூவில் கை வைக்கும் முன்: பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில் ஏறி நிற்கும் ஆர்.பி.எம்.

"வண்டி நின்ற இடத்திலேயே ரேஸ் ஆகிறது" என்ற புகாருடன் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில், எங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் த்ராட்டில் ஸ்குரூவைத் திருகிப் பார்த்த அடையாளம் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, கியர் நியூட்ரலில், ஏ.சி. அணைந்திருக்கும்போது ஏறத்தாழ 750 முதல் 850 வரை நிற்க வேண்டிய ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) முள், இந்த வண்டிகளில் 1500-க்கு மேல் நிற்கும். பெட்ரோல் செலவு கூடுவது ஒருபுறம் இருக்க, ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் ஓட்டுநர் எதிர்பாராத வேகத்தில் அது முன்னால் நகரும் என்பதால், நெரிசலான பார்க்கிங்கில் இது ஆபத்தும்கூட.

கார்புரேட்டர் வண்டிகளில் ஐட்லிங்கை, அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஸ்குரூவால் வைப்பதுதான் முறை. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய புகை விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்ததையொட்டி எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்கள் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிப்பவை) பரவலானபோது, இன்ஜின் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. இந்த இன்ஜின்களில், காற்று நுழையும் குழாயைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் இருக்கும் ஸ்குரூ, தகடு குழாய்ச் சுவரில் போய் இறுகிவிடாமல் தடுப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து, பெரும்பாலும் பெயின்ட் பொட்டு இட்டு அனுப்பப்படுவது. ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்வது இன்ஜினின் கணினியான ஈ.சி.எம்.; அதற்குக் கருவியாக இருப்பது, மூடிய தகட்டைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை உள்ளே விடும் ஐ.ஏ.சி. வால்வு. ஸ்குரூவை உள்ளே திருகினால் தகடு சற்றுத் திறந்து, தகட்டின் நிலையை ஈ.சி.எம்.முக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சாரின் மின்னழுத்தம் பல வண்டிகளில் இருக்க வேண்டிய அரை வோல்ட்டைத் தாண்டிவிடும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார் என்று எண்ணி ஈ.சி.எம். ஐட்லிங் கட்டுப்பாட்டையே கைவிடும். ரேஸைக் குறைப்பதற்காக வெளியே திருகினாலோ தகடு சுவரில் ஒட்டிக்கொள்ளும்; பெடலை முதலில் மிதிக்கும்போது இறுக்கமாக இருந்து, சட்டென்று விடுபட்டு வண்டி ஒரு குதி குதிக்கும்.

இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் காற்றைப் பின்தொடர்ந்து போகிறது. தகட்டைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில், எங்கிருந்து கூடுதல் காற்று நுழைந்தாலும் அழுத்தம் உயரும், அதற்கேற்ப ஈ.சி.எம். பெட்ரோலைக் கூட்ட, ஆர்.பி.எம். ஏறிவிடும். நம் ஊரில் ஓடிய பழைய சிறு கார்களில் பெரும்பாலானவை இந்த வகை. காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் மாஸ் சென்சார் வண்டிகளிலோ அதே கசிவு பெரும்பாலும் ஐட்லிங்கை ஏறி இறங்கச் செய்து, இன்ஜினை நடுங்க வைக்கும். ஆகவே, ஐட்லிங் சீராக உயர்ந்து நின்றால் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது என்பதே.

முதலில் பெடலுக்குப் போக வேண்டும். மடங்கிய ஃப்ளோர் மேட் பெடலை அழுத்திக்கொண்டிருந்த வண்டிகளும் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிளில் சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும். விறைத்து நின்றாலோ, உறைக்குள் இழை பிரிந்து சிக்கினாலோ தகடு முழுதாக மூடாது.

கேபிள் சரியாக இருந்தால், மேப் சென்சார் வண்டியில் இன்ஜினைச் சூடேற்றி, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, தகட்டுக்கு முன்னால் இருக்கும் சிறிய காற்றுத் துளையை விரலால் மூடிப் பார்ப்போம். ஆர்.பி.எம். விழுந்து இன்ஜின் அணையப் பார்த்தால், கூடுதல் காற்று ஐ.ஏ.சி. வால்வு வழியாக வருகிறது: ஒன்று, வால்வு கரி படிந்து திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது ஈ.சி.எம்.மே அதைத் திறக்கச் சொல்கிறது. விரலை வைத்தும் முள் அசையாவிட்டால் கசிவு வேறிடத்தில்.

அந்த வேறிடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பி விடும் பி.சி.வி. வால்வுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மேலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். விரலை அடியில் விட்டுத் தடவினால், வளைவின் கீழ்ப்புறத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு தட்டுப்படும். எண்ணெய் ஆவியும் சூடும் பட்டு முதலில் கெட்டுப்போவது அந்த வளைவுதான். ஒவ்வொரு ஹோஸையும் துணி சுற்றிய பிளேயரால் மெதுவாக நெரித்து, எதை நெரிக்கும்போது ஆர்.பி.எம். இறங்குகிறது என்று பார்ப்பது பழைய முறையானாலும் நம்பகமானது. ஹோஸ்களில் பிடிபடாவிட்டால் இன்ஜெக்டர் ஓ-ரிங், மேனிஃபோல்ட் கேஸ்கெட் என்று போக வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவைத் தேடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில், பிளக் வயர் மின்பொறி கசியும் பழைய இன்ஜினில் அது தீயை அழைப்பதாகும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவினால், கசியும் இடத்தில் நுரை உள்ளே இழுபடுவது கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கசிவுகளில் ஒன்றை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதிக்கும் காலுக்கு உதவும் பிரேக் பூஸ்டரின் உதரத்தகடோ அதன் ஹோஸோ கிழிந்திருந்தாலும் ஐட்லிங் உயரும். பிரேக்கை மிதிக்கும்போது டாஷ்போர்டுக்கு அடியில் "உஸ்" என்ற ஓசையும், ஆர்.பி.எம்.மில் மாற்றமும் இருக்கும். இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை சில தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் உதவி கிடைக்கவில்லை என்று பொருள். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போவதே சரி.

ஈ.சி.எம்.மே வால்வைத் திறக்கச் சொல்கிறது என்றால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக அது நம்பக்கூடும். கூலன்ட் சென்சாரின் மின்தடை பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். இன்ஜின் சூடேறிய பிறகும் கிலோ ஓம் கணக்கில் காட்டினால் சென்சாரை மாற்ற வேண்டும். கூலன்ட் குறைந்து, சென்சாரின் முனை காற்றுக்குமிழில் நின்றாலும் அளவு தவறும். ஆனால் தமிழ்நாட்டில் நான் அதிகம் பார்க்கும் காரணம் வேறு: "இந்த வெயிலுக்கு இது எதற்கு" என்று யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். 80 டிகிரியைத் தாண்டித் திறக்க வேண்டிய அந்தக் கதவு இல்லாமல், கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றிவர, நெடுஞ்சாலையில் இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டுவதே இல்லை. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, ஈ.சி.எம்.மும் தன் கணக்குப்படி பெட்ரோலைக் கூட்டி, ஐட்லிங்கை உயர்த்தி வைக்கிறது. சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் இந்த வண்டி திருந்தாது. இன்ஜின் சூடாகிறது என்று புகார் இருந்தால் ரேடியேட்டரையும் ஃபேனையும் வாட்டர் பம்ப்பையும் பார்க்க வேண்டுமே தவிர, தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது.

ஏ.சி. போட்டவுடன் ஆர்.பி.எம். சற்று உயர்வதும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1200-ஐத் தாண்டி ஓரிரு நிமிடங்களில் இறங்குவதும் கோளாறு அல்ல.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த அன்றே ஐட்லிங் ஏறிவிட்டது என்று திரும்பி வருபவர்களும் உண்டு. கரி அடைத்திருந்த நாட்களில் அதை ஈடுகட்ட வால்வை அதிகம் திறந்து பழகிய ஈ.சி.எம்., அழுக்கு போன பின்பும் அதே அளவைத் தொடர்வதே காரணம். சில வண்டிகளில் பேட்டரி இணைப்பைச் சிறிது நேரம் கழற்றி வைத்து, பிறகு பெடலைத் தொடாமல் இன்ஜினைச் சூடேற ஓடவிட்டாலே அது புதிதாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஸ்கேனர் வேண்டும். ஆடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டியானால், பேட்டரியைக் கழற்றும் முன் அந்த எண் கையில் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.